ஆஸ்கார் கண்டுகொள்ளாமல் விட்ட படங்கள், இயக்குநர்கள்: உங்களுக்கு இன்னும் ஆறாதது எது?

கடைசி வரிசை:

ஒவ்வொரு வருஷமும் ஆஸ்கார் பட்டியல் வந்த மறுநாள் "இந்தப் படத்தை விட்டுட்டாங்களே" என்று ஆரம்பிக்கிறோம், ஒரு வாரம் பேசுகிறோம், அப்புறம் மறந்துவிடுகிறோம். அந்த ஒரு வாரப் பேச்சு எனக்கு வேண்டாம். ஐம்பது, அறுபது வருஷம் ஆகியும் மனசு ஆறாத விடுபடல்கள் சில இருக்கின்றன. அவற்றுக்காக ஓர் இழை வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானே தொடங்குகிறேன். 1955-இல் வந்த 'தி நைட் ஆஃப் தி ஹண்டர்'. இயக்கியவர் சார்லஸ் லாட்டன். நடிகராக அவர் 1930-களிலேயே ஆஸ்கார் வாங்கியவர். வாழ்நாளில் இயக்கியது இந்த ஒரே ஒரு படம். அதற்கு ஆஸ்காரில் ஒரு பரிந்துரைகூட இல்லை. படம், இயக்கம் எல்லாம் கிடக்கட்டும், ஸ்டான்லி கார்டெஸின் ஒளிப்பதிவுக்குக்கூட இல்லை என்பதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆற்றின் அடியில் ஒரு கார் கிடக்கும். கொலை செய்யப்பட்ட பெண் அதற்குள் உட்கார்ந்த நிலையிலேயே இருப்பாள். நீரோட்டத்தில் பாசி எந்தப் பக்கம் அசைகிறதோ அதே பக்கம், அதே வேகத்தில் அவள் கூந்தலும் அசையும். மேலே இருந்து வெளிச்சம் இறங்கிக்கொண்டிருக்கும். பின்னணியில் அலறல் கிடையாது, பதற்றம் கிடையாது. இவ்வளவு கொடூரமான விஷயத்தை இவ்வளவு அமைதியாகக் காட்டிய காட்சியை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை.

படம் ஓடவில்லை, அன்றைய விமர்சகர்களும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. லாட்டன் அடுத்து ஒரு போர் நாவலைப் படமாக்கத் தயாராகிக்கொண்டிருந்தார், அதுவும் கைநழுவிப் போனது. 1962-இல் இறந்துவிட்டார். நான் சொல்ல வருவது ஒன்றுதான். விருது கிடைக்காததால் அந்தப் படத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை, இன்றைக்கும் உலகம் முழுக்கப் பார்க்கிறார்கள். நஷ்டமெல்லாம் அவர் எடுக்காமலே போன இரண்டாவது படமும் மூன்றாவது படமும்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள்: வெறும் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எந்தக் காட்சி, ஏன் என்று இரண்டு வரியாவது எழுதுங்கள்.


ரீல்பெட்டி:

இரண்டு வரியில் முடியாது என்பதால் முதலில் ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்', ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்', குப்ரிக்கின் 'பாத்ஸ் ஆஃப் குளோரி', வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்', மைக்கேல் மன்னின் 'ஹீட்', ஃபின்ச்சரின் 'ஸோடியாக்'. இந்த ஆறுக்கும் சேர்த்து மொத்தப் பரிந்துரை பூஜ்யம். தோற்றதைச் சொல்லவில்லை, பந்திக்கே கூப்பிடவில்லை என்கிறேன்.

அப்புறம் ஹிட்ச்காக். ஐந்து முறை சிறந்த இயக்குநர் பரிந்துரை, ஒரு முறைகூடக் கையில் வரவில்லை. 'ரெபெக்கா' 1940-க்கான சிறந்த படமாக ஜெயித்தது, அதையும் வாங்கிக்கொண்டு போனது தயாரிப்பாளர் செல்ஸ்னிக். 'வெர்டிகோ'வுக்குக் கிடைத்தது கலை இயக்கம், ஒலி என்று இரண்டே இரண்டு பரிந்துரைகள். அதே 'வெர்டிகோ'தான் 2012-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் 'சிட்டிசன் கேனை' இறக்கிவிட்டு முதலிடத்துக்கு வந்தது. இதைவிடப் பெரிய தவறு வேறு இருக்க முடியுமா?


கடைசி வரிசை:

ரீல்பெட்டி, ஹிட்ச்காக் விஷயத்தில் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் நான் மேலே சொன்ன அளவுகோலை வைத்துப் பாருங்கள். 'வெர்டிகோ' அப்போது பெரிதாக ஓடவில்லை, விருதும் இல்லை, ஆனால் அடுத்த இரண்டு வருஷத்துக்குள் 'நார்த் பை நார்த்வெஸ்ட்', 'சைக்கோ' இரண்டையும் எடுத்துவிட்டார். அவரிடமிருந்து யாரும் கேமராவைப் பிடுங்கவில்லை. குப்ரிக்கும் அப்படித்தான். நான்கு முறை இயக்குநர் பரிந்துரை, கையில் வந்த ஒரே ஆஸ்கார் '2001'-இன் காட்சி விளைவுகளுக்கு. ஆனாலும் தான் நினைத்த மாதிரியே படம் எடுத்துக்கொண்டிருந்தார். இவர்களுக்கு நடந்தது அவமரியாதை. லாட்டனுக்கு நடந்தது வேறு.


இரண்டாம் ஆட்டம்:

அவமரியாதையைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். அதுவும் சேர்ந்துகொண்டே போனால் ஒருவரை என்ன செய்யும் என்பதற்கு ஸ்பைக் லீயைப் பாருங்கள்.

1989, 'டூ தி ரைட் திங்'. புரூக்ளினில் ஒரு தெரு, வருஷத்திலேயே வெயில் அதிகமான ஒரு நாள், அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த வெயிலை அவரும் ஒளிப்பதிவாளர் எர்னஸ்ட் டிக்கர்சனும் எப்படிக் காட்டியிருக்கிறார்கள்! முழுச் சிவப்பாக ஒரு சுவர், அதற்கு முன்னால் குடைநிழலில் நாற்காலி போட்டு மூன்று பெரியவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவார்கள். அந்தச் சுவரைப் பார்க்கும்போதே நமக்கு வியர்க்கும். அந்தச் சூடுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சில் ஏறி, ராத்திரி ஓர் உயிரைக் குடிக்கிறது. கடைசியில் யார் செய்தது சரி என்று படம் நமக்குத் தீர்ப்பு எழுதித் தருவதில்லை. படம் முடிந்த பிறகும் அதைப் பற்றிச் சண்டை போடாதவர்களை நான் பார்த்ததே இல்லை.

பரிந்துரைகள் இரண்டு. ஒன்று திரைக்கதைக்கு, இன்னொன்று துணை நடிகர் டேனி அயெல்லோவுக்கு. சிறந்த படத்துக்கான ஐந்தில் இடமே இல்லை. 1990 விழா மேடையில் வேறு ஒரு படத்தை அறிமுகம் செய்ய வந்த நடிகை கிம் பேசிங்கர், எல்லாவற்றையும்விடப் பெரிய உண்மையைச் சொல்லும் ஒரு படம் இந்தப் பட்டியலில் இல்லை என்று 'டூ தி ரைட் திங்' பெயரைச் சொல்லியே பேசினார். அந்தத் துணிச்சலுக்காக அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. ஜெயித்தது 'டிரைவிங் மிஸ் டெய்சி': ஒரு வெள்ளைக்கார அம்மாவும் அவருடைய கறுப்பினக் கார் ஓட்டுநரும் நண்பர்களாகும் கதை.

சரி, முப்பது வருஷம் கழியட்டும். 2019 விழா. ஸ்பைக் லீக்கு அப்போதுதான் முதல்முறையாக இயக்குநர் பரிந்துரையே வருகிறது. 'பிளாக்லான்ஸ்மேன்' திரைக்கதைக்காக ஆஸ்காரும் வாங்கினார், அதற்கு முன்பு கௌரவ ஆஸ்கார் ஒன்றும் கொடுத்திருந்தார்கள். ஆனால் அன்றைக்குச் சிறந்த படம் 'கிரீன் புக்'. மறுபடியும் கார், மறுபடியும் ஓட்டுநர், இருக்கைகள் மட்டும் இடம் மாறியிருந்தன. பெயரை அறிவித்ததும் அவர் எழுந்து அரங்கை விட்டு வெளியே போகப் பார்த்தார் என்று அன்று இரவே செய்தி வந்தது. அவர் கோபத்தைப் பற்றிக் கிண்டலாக எழுதியவர்கள் நிறையப் பேர். முப்பது வருஷ வலி அது, எனக்குக் கிண்டல் வரவில்லை.


மழைவாசகி:

2025 விழா முடிந்த நிலவரப்படி கறுப்பின இயக்குநர் ஒருவர்கூடச் சிறந்த இயக்குநர் ஆஸ்கார் வாங்கியதில்லை. முதல் பரிந்துரை கிடைத்தது ஜான் சிங்கிள்டனுக்கு, 'பாய்ஸ் இன் தி ஹுட்' படத்துக்காக. அப்போது அவருக்கு வயது 24. அந்தப் பிரிவில் பரிந்துரை பெற்றவர்களிலேயே இளையவர் அவர்தான். இரண்டாம் ஆட்டம் சொன்னதோடு இதையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும்.


எடிட்டிங் மேசை:

நான் ஆவணப்படக்காரன், அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'ஹூப் ட்ரீம்ஸ்', 1994, இயக்கம் ஸ்டீவ் ஜேம்ஸ். சிகாகோவின் இரண்டு கறுப்பினப் பையன்கள், கூடைப்பந்தில் பெரிய ஆளாக வேண்டும் என்ற கனவு. ஐந்து வருஷம் கூடவே போய் எடுத்தது, ஏறக்குறைய 250 மணி நேரக் காட்சி. அதை மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான படமாக வெட்டியிருக்கிறார்கள். நான் இந்த வேலையில் இருப்பதால் சொல்கிறேன், அந்த வெட்டு சாதாரண விஷயமே இல்லை. படம் விளையாட்டைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பீர்கள். நடுவில் ஓர் இடம் வரும். ஆர்தர் என்கிற பையனின் அம்மா செவிலியர் உதவியாளர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கும் சின்ன விழா. வகுப்பிலேயே முதல் மதிப்பெண் அவருடையது என்று சொல்கிறார்கள். வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு விளக்கு வெளிச்சத்தில் அந்தக் குடும்பம் உட்கார்ந்திருந்ததை அதற்கு முன்பே நாம் பார்த்திருப்போம். அந்த அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழும்போது அந்த அறையில் ஆட்களே அதிகம் இருக்க மாட்டார்கள். நாலு பேர் பார்க்காத வெற்றி அது. எந்தக் கூடைப்பந்து ஆட்டத்தைவிடவும் அந்த ஒரு நிமிஷம் பெரியது. 250 மணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்து, சரியான இடத்தில் வைத்தது யார் என்று கேட்டால், அந்த மனிதர்களுக்குத்தான் ஆவணப்பட ஆஸ்கார் பட்டியலில் இடம் இல்லை. படத்தொகுப்புக்கு மட்டும் ஒரு பரிந்துரை கிடைத்தது.

எப்படி விடுபட்டது என்பது வெளியே வந்தது, அதுதான் இந்த இழைக்கு முக்கியம். அப்போதெல்லாம் தேர்வுக் குழு உறுப்பினர்கள் இருட்டில் உட்கார்ந்து பார்ப்பார்கள், கையில் டார்ச். யாருக்குப் படம் போதும் என்று தோன்றுகிறதோ அவர் டார்ச்சை அடிப்பார். போதுமான டார்ச்சுகள் எரிந்தால் படத்தை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். 'ஹூப் ட்ரீம்ஸ்' முழுசாக ஓடவில்லை, ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஐந்து வருஷ உழைப்புக்கு அவர்களால் அரை மணி நேரம்கூடக் கொடுக்க முடியவில்லை. பிறகு எதிர்ப்பு கிளம்பி ஆஸ்கார் கொடுக்கும் அகாடமியே ஓட்டுச் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சில உறுப்பினர்கள் தங்களுக்குப் பிடித்த ஐந்து படங்களுக்கு மட்டும் பத்துக்குப் பத்து போட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் அடிமட்ட மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டவர்கள் கொஞ்சப் பேர்தான், ஆனால் மொத்தக் கணக்கையும் சாய்க்க அது போதும்.

அந்தக் கூச்சலுக்குப் பிறகுதான் விதிகள் மாற ஆரம்பித்தன. அதற்கு ஆறு வருஷம் முன்னால் எரால் மோரிஸின் 'தி தின் ப்ளூ லைன்' இதே பிரிவில் விடுபட்டது. செய்யாத கொலைக்காகச் சிறையில் கிடந்த ஒருவர் வெளியே வருவதற்குக் காரணமாக இருந்த படம் அது. ஒரு மனிதனை விடுதலை செய்த படத்துக்கு ஐந்தில் ஓர் இடம் கிடைக்கவில்லை.

ஆகவே "ரசனை வேறு வேறு, என்ன செய்வது" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பல நேரம் ரசனைக்கே வேலை வருவதில்லை. படத்தைப் பார்க்கவே இல்லை.


ரீல்பெட்டி:

டார்ச் விஷயம் எனக்குத் தெரியாது. படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.


இரண்டாம் ஆட்டம்:

> படத்தைப் பார்க்கவே இல்லை

இதை ஒட்டி ஒரு தகவல். இறுதிச் சுற்றில் ஒரு பிரிவுக்கு ஓட்டுப் போட வேண்டுமானால் அந்தப் பிரிவில் உள்ள எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்று அகாடமி எல்லாப் பிரிவுகளுக்கும் விதி கொண்டுவந்தது 2025 ஏப்ரலில்தான். முதல் விழா நடந்தது 1929-இல். நடுவில் எத்தனை வருஷம் என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.


முழுநிலவு:

எல்லோரும் விடுபட்ட படங்களுக்காகப் பேசுகிறீர்கள், நான் ஜெயித்த ஒரு படத்துக்காகப் பேச வேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜான் ஃபோர்டின் 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி'. 'சிட்டிசன் கேனைத்' தோற்கடித்த படம் என்பதைத் தவிர இன்றைக்கு அதைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. 'கேன்' ஒன்பது பரிந்துரை வாங்கி, திரைக்கதைக்கு மட்டும் ஜெயித்தது. அதில் அநியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஃபோர்டின் படத்தை உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? சுரங்கத்திலிருந்து கரி படிந்த முகத்தோடு ஆண்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டே மலைச்சரிவில் வீடு திரும்புவார்கள். வாசலில் அம்மா மடியை விரித்து உட்கார்ந்திருப்பாள், ஒவ்வொரு மகனும் கூலியை அதில் போட்டுவிட்டு உள்ளே போவான். ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் ஒரு குடும்பத்தின் வரவு செலவு, மரியாதை, அதிகாரம் எல்லாம் அதில் வந்துவிடும். இந்தப் படத்தைக் கேலி செய்துதான் 'கேனை' இயக்கிய வெல்ஸைத் தூக்கிப் பிடிக்க வேண்டுமா? ராபர்ட் ரெட்ஃபோர்டின் 'ஆர்டினரி பீப்பிள்' கதியும் இதேதான். 'ரேஜிங் புல்லை' வென்றது என்ற ஒரே குற்றத்துக்காக நல்ல படம் ஒன்று நாற்பது வருஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. அதில் அப்பாவாக நடித்த டொனால்ட் சதர்லண்டுக்கு அந்த வருஷமும் பரிந்துரை இல்லை, வாழ்நாள் முழுக்கவும் இல்லை. ஜெயித்த படத்துக்குள்ளேயும் விடுபட்டவர்கள் இருக்கிறார்கள்.


கடைசி வரிசை:

முழுநிலவு, இதைச் சொன்னதற்கு நன்றி. அந்த மடியில் கூலி போடும் காட்சியை நான் மறந்தே போயிருந்தேன். ஒத்துக்கொள்கிறேன், ஜெயித்த படத்தைத் திட்டுவது நியாயம் இல்லை.


இருட்டறை:

வெளிச்சம் போடும் ஆட்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. 'தி காட்ஃபாதர்' 1972, 'தி காட்ஃபாதர் 2' 1974. இரண்டுக்கும் ஒளிப்பதிவு கார்டன் வில்லிஸ். இரண்டுக்கும் பரிந்துரைகூட இல்லை. இத்தனைக்கும் ஒளிப்பதிவுக்கான பரிந்துரையைப் போடுவது ஒளிப்பதிவாளர்களேதான். முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். வெளியே கல்யாணம், வெயில், பாட்டு. உள்ளே மூடிய ஜன்னல், தலைக்கு மேலிருந்து மட்டும் விளக்கு. அதனால் மாஃபியா தலைவராக வரும் பிராண்டோவின் கண்கள் குழிக்குள் போய் நிழலாகிவிடும். ஒரு நட்சத்திரத்தின் கண்ணைக் காட்டாமல் விடுவது அன்றைக்கு வேலையை விட்டே அனுப்பக்கூடிய குற்றம். ஆனால் அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று எதிரே உட்கார்ந்து கெஞ்சுகிறவனுக்குத் தெரியக் கூடாது, நமக்கும் தெரியக் கூடாது. அதற்குத்தான் அந்த நிழல். அதற்கப்புறம் வந்த எத்தனையோ குற்றப்படங்களில் அதே இருட்டைப் பார்க்கலாம். வில்லிஸுக்குக் கௌரவ ஆஸ்கார் கொடுத்தது 2009-இல்.

இன்னொன்று. டேவிட் லிஞ்சின் 'தி எலிஃபண்ட் மேன்', 1980. எட்டுப் பரிந்துரை, ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. அதைவிட, ஜான் ஹர்ட்டுக்கு கிறிஸ்டோபர் டக்கர் போட்ட ஒப்பனைக்குக் கொடுக்க அப்போது ஒரு பிரிவே இல்லை. சிறப்பு விருதாவது கொடுங்கள் என்று கேட்டும் அகாடமி மறுத்துவிட்டது. அதில் எழுந்த எதிர்ப்பால்தான் அடுத்த வருஷத்திலிருந்து ஒப்பனைக்கு நிரந்தரப் பிரிவு வந்தது. யாருக்காகக் கதவு திறந்ததோ அவர் வெளியிலேயே நின்றார்.


மழைவாசகி:

இயக்குநர் பிரிவில் முதன்முதலாகப் பரிந்துரை வாங்கிய பெண் லீனா வெர்ட்முல்லர், 1977 விழாவில். முதலில் ஜெயித்த பெண் கேத்ரின் பிகலோ, 2010-இல். இந்த இரண்டு வருஷத்துக்கும் நடுவில் பரிந்துரை பெற்ற பெண்கள் ஜேன் கேம்பியனும் சோஃபியா கொப்போலாவும் மட்டும்தான். பார்பரா ஸ்ட்ரைசாண்ட் இயக்கிய 'தி பிரின்ஸ் ஆஃப் டைட்ஸ்' சிறந்த படம் உட்பட ஏழு பரிந்துரை வாங்கியது, இயக்குநர் பெயரை மட்டும் காணோம்.

ஆனால் இந்தக் கணக்கு பட்டியலுக்குப் பக்கத்திலாவது வந்தவர்களைப் பற்றியது. கடைசி வரிசை கேட்ட கேள்விக்கு, அந்த 'எடுக்காமலே போன இரண்டாவது படம்' கேள்விக்கு, என் பதில் பார்பரா லோடன்.

1970, 'வாண்டா'. எழுதி, இயக்கி, நடித்தது எல்லாம் அவரே. 16 மி.மீ. கேமரா, விரல்விட்டு எண்ணக்கூடிய குழு. ஆரம்பத்திலேயே ஒரு ஷாட் வரும்: பிரம்மாண்டமான கரிமேடுகள், கறுப்பும் சாம்பலுமாக ஒரு வெளி. அதன் குறுக்கே வெள்ளை உடையில் ஒரு புள்ளி நடந்துபோகும். கேமரா ரொம்பத் தூரத்தில், அந்தப் புள்ளியை விட்டு நகரவே நகராது. முதல் தடவை பார்க்கும்போது எப்போது வெட்டுவார்கள் என்று காத்திருந்தேன். வெட்டவில்லை. அவள் எங்கே போகிறாள் என்று அவளுக்கே தெரியாது என்பதை வசனத்தில் சொல்லாமல் அந்தத் தூரத்தாலேயே சொல்லிவிடுகிறார். அந்தப் பெண்ணைப் பாவம் என்று காட்டுவதில்லை, வீராங்கனை ஆக்குவதும் இல்லை. நீதிமன்றத்தில் குழந்தைகளைக் கணவனிடமே விட்டுவிடுகிறாள், அதற்காகப் படம் அவளைத் தண்டிக்கவும் இல்லை. இப்படி ஒரு பெண்ணை 1970-இல் திரையில் வைக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

வெனிஸ் விழாவில் பரிசு வாங்கியது. அமெரிக்காவில் அநேகமாக யாரும் பார்க்கவில்லை, ஆஸ்காரில் பேச்சே இல்லை. லோடன் இன்னொரு முழுநீளப் படம் எடுக்க வாய்ப்பே வரவில்லை. 1980-இல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு 48 வயது.

ஜூலி டாஷின் 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்' (1991) இன்னும் நம் காலத்துக்குப் பக்கத்தில் நடந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் ஒருவர் இயக்கி, அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வெளியான முதல் முழுநீளப் படம். 1902-இல் ஒரு தீவுக் குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படும் முந்தைய நாள். சன்டான்ஸ் விழாவில் ஒளிப்பதிவு விருது, 2004-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம். பெருமைக்குக் குறைவே இல்லை. ஆனால் அதற்கப்புறம் தொலைக்காட்சிப் படங்கள்தான் கிடைத்தன. திரையரங்குக்கு இன்னொரு கதைப்படம் எடுக்க யாரும் பணம் போடவில்லை.

இவர்கள் இருவருக்கும் ஒரு பரிந்துரை கிடைத்திருந்தால்? எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் தயாரிப்பாளர் அறையில் உட்கார்ந்து பேசும்போது, பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஒரு வார்த்தை இருந்திருக்கும். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் எத்தனை கதவுகள் திறக்காமல் போகும் என்று வேலை தேடிய யாருக்கும் தெரியும்.


எடிட்டிங் மேசை:

'வாண்டா' பார்த்ததில்லை. இன்று இரவே பார்க்கிறேன்.


வடக்குச் சாளரம்:

ஆங்கிலம் அல்லாத படங்களுக்கு இன்னொரு தடை இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது. 2025 நிலவரப்படி, சர்வதேசப் படத்துக்கான பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒரு வருஷத்துக்கு ஒரே படம்தான் போகலாம், அதையும் அந்த நாட்டின் குழுதான் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். ஆகவே பல படங்கள் அமெரிக்காவில் தோற்பதில்லை, சொந்த வீட்டு வாசலிலேயே தோற்கின்றன.

குரோசவாவின் 'ரான்' படத்தை ஜப்பான் அனுப்பவில்லை. அமெரிக்க இயக்குநர் சிட்னி லூமெட் முன்னின்று ஆதரவு திரட்டியதால் குரோசவாவுக்கு இயக்குநர் பரிந்துரை வந்தது. அவர் வாழ்நாளில் அந்தப் பிரிவில் வந்தது அது ஒன்றுதான். 1986 விழாவில் 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா'வை இயக்கிய சிட்னி பொல்லாக் ஜெயித்தார். அதே மேடையில் பில்லி வைல்டர், ஜான் ஹூஸ்டன் இருவரோடும் நின்று சிறந்த பட விருதை அறிவிக்க வந்தவர் குரோசவா. அவரை விருது கொடுக்கக் கூப்பிடத் தெரிந்தது.

2023-இல் கான் விழாவில் உச்ச விருதான தங்கப்பனை வாங்கிய 'அனாட்டமி ஆஃப் எ ஃபாலை' விட்டுவிட்டு பிரான்ஸ் வேறு படத்தை அனுப்பியது. அனுப்பிய படம் இறுதி ஐந்துக்குள் வரவில்லை. அனுப்பாத படம் சிறந்த படம், இயக்கம் உட்பட ஐந்து பரிந்துரை வாங்கி, திரைக்கதைக்கு ஜெயித்தது. மறு வருஷமே இந்தியா இதைச் செய்தது. பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் அஸ் லைட்' முப்பது வருஷத்துக்குப் பிறகு கான் பிரதான போட்டிக்குப் போன இந்தியப் படம், அங்கே இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரி வாங்கியது. அனுப்பியது 'லாபதா லேடீஸ்'. அதுவும் நல்ல படம்தான், ஆனால் முதல் பதினைந்துக்குள்கூட வரவில்லை. கபாடியாவுக்கு கோல்டன் குளோபில் இயக்குநர் பரிந்துரை கிடைத்தது. பாதையெல்லாம் திறந்திருந்தபோது கேட்டைச் சாத்தியது உள்ளே இருந்தவர்கள்.

சத்யஜித் ராய்க்குப் போட்டிப் பிரிவில் ஒரு பரிந்துரைகூட வந்ததில்லை. 1992-இல் கௌரவ ஆஸ்கார் கொடுத்தார்கள். கல்கத்தா மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி சிலையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பேசியதைப் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் ஹாலிவுட்காரர்களுக்குக் கடிதம் எழுதியதைச் சொல்வார். பில்லி வைல்டருக்குப் பன்னிரண்டு பக்கம் எழுதினாராம், பதில் வரவில்லையாம். விழா மார்ச் 30, அவர் இறந்தது ஏப்ரல் 23. அந்தக் குரலில் குறையே இருக்காது, சந்தோஷம்தான் இருக்கும். அதனாலேயே என்னால் அதை முழுசாகப் பார்க்க முடிவதில்லை.


முழுநிலவு:

திகில் படத்துக்கும் நகைச்சுவைக்கும் தனி அநீதி உண்டு. 'தி ஷைனிங்' ஆஸ்காரில் பூஜ்யம். அதோடு போகவில்லை, மோசமான படங்களுக்கான ராஸி பட்டியலில் குப்ரிக்கையும் ஷெல்லி டுவாலையும் சேர்த்தார்கள். டுவாலின் பெயரைத் திரும்பப் பெற 2022 வரை ஆனது. கதவுக்குப் பின்னால் கத்தியோடு நிற்கும் அந்த முகத்தில் இருப்பது நடிப்பா நிஜப் பயமா என்று பிரிக்கவே முடியாது. அதைப் போய்!


இருட்டறை:

தாமதமாகக் கொடுப்பதில் இன்னொரு சிக்கல், கடன் கைமாறிக்கொண்டே போகிறது. அல் பசினோவுக்கு 'காட்ஃபாதர் 2'-க்குக் கொடுக்கவில்லை. 1993 விழாவில் 'சென்ட் ஆஃப் எ வுமன்' படத்துக்குக் கொடுத்தார்கள். அந்த வருஷம் எதிரே நின்றது 'மால்கம் எக்ஸ்' டென்சல் வாஷிங்டன். அதை இயக்கியவர் யார்? மறுபடியும் ஸ்பைக் லீ. பழைய கடனை அடைக்கும்போது புதுசாக ஒருவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.


எடிட்டிங் மேசை:

'வாண்டா' பார்த்துவிட்டேன். மழைவாசகி சொன்ன அந்தக் கரிமேட்டு ஷாட்டில் நான் கை வைத்திருந்தால் பாதியில் வெட்டியிருப்பேன், சத்தியமாக. வெட்டியிருந்தால் படமே செத்திருக்கும். லோடனிடம் இருந்த பொறுமையும் நம்பிக்கையும் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இன்னொரு பத்து வருஷம் அவர் படம் எடுத்திருந்தால் என்னவெல்லாம் கற்றுக்கொண்டிருப்போம்.


இரண்டாம் ஆட்டம்:

கடைசி வரிசைக்கு ஒரு சேதி. உங்கள் முதல் பதிவைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி 'தி நைட் ஆஃப் தி ஹண்டர்' பார்த்தேன், முதல் தடவை. ஆற்றுக் காட்சி நீங்கள் சொன்ன மாதிரியேதான். ஆனால் நான் நிறுத்தி வைத்தது அதற்கும் முன்னால். வில்லனாக வரும் ராபர்ட் மிட்சம் கதையில் வரும் சின்னப் பையனுக்கு எதிரே இரண்டு கைகளையும் நீட்டுவார். ஒரு கை விரல்களில் 'அன்பு' என்று பச்சை குத்தியிருக்கும், இன்னொரு கையில் 'வெறுப்பு'. இரண்டும் மல்லுக்கட்டுகிற மாதிரி விரல்களைக் கோத்து ஒரு கதை சொல்லுவார்.

இருபது வருஷமாக எனக்குப் பிடித்த படம் 'டூ தி ரைட் திங்'. அதில் ரேடியோ ரஹீம் இரண்டு கைகளிலும் பெரிய மோதிரம் போட்டுக்கொண்டு வருவான், ஒன்றில் 'அன்பு', ஒன்றில் 'வெறுப்பு'. கேமராவுக்கு நேராகக் குத்து விட்டுக்கொண்டே இதே கதையைச் சொல்லுவான். அது எங்கிருந்து வந்தது என்று நேற்றுவரை எனக்குத் தெரியாது. உடனே அந்தப் படத்தையும் எடுத்து அந்த இடத்துக்குப் போனேன். ரஹீம் கதையைச் சொல்லி முடித்துவிட்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு நடந்துபோனான். அப்புறம் நிறுத்த மனசு வராமல் படம் முழுக்கப் பார்த்து முடித்தேன், விடிந்துவிட்டது.